பொறுமை யாருக்கு உபதேசிக்கப்படுகிறது?

ஆகஸ்ட் 10 வந்தால் விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பங்குகளில் கறுப்புக் கொடி ஏறும். 1950ஆம் ஆண்டு அந்தத் தேதியில்தான் பட்டியல் சாதிகள் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை வெளியானது. இந்து மதத்தைச் சேராத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது அதன் மூன்றாம் பத்தி. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் திருத்தம் போட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவ தலித்துகளும் முஸ்லிம் தலித்துகளும் இன்னும் வெளியில்தான் நிற்கிறார்கள்.

ஊர்வலம் முடிந்து கொடியை மடித்து வைத்த அடுத்த ஞாயிறே அதே மக்கள் முன்னால் இன்னொரு பேச்சு நடக்கும். துன்பம் விசுவாசத்தைப் புடம்போடும், சிலுவையைச் சுமப்பவருக்கே மகிமை, பொறுத்திருங்கள், ஆண்டவர் பார்த்துக்கொள்வார். நோயிலும் கடனிலும் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டிலும் அந்த வார்த்தை தரும் ஆறுதலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அரசு மருத்துவமனை வராந்தாவில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருக்கும் தாய்க்கு நடுராத்திரியில் வேறு யார் துணை? ஆனால் ஆண்டவரை நம்பியதற்காகவே ஒருவர்மேல் ஏற்றப்பட்ட துன்பம் ஒன்று இருக்கிறது. அதற்கும் இதே மருந்தைத்தான் கொடுக்க வேண்டுமா என்பதே என் கேள்வி.

சூசை என்பவரின் வழக்கு பலருக்குத் தெரிந்திருக்கும். சென்னையில் சாலையோரம் உட்கார்ந்து செருப்பு தைத்தவர். 1980களின் தொடக்கத்தில், அப்படித் தெருவில் வேலை செய்யும் பட்டியல் சாதியினருக்கு இலவசமாகப் பங்க் கடை கொடுக்கும் திட்டம் ஒன்றைத் தமிழக அரசு கொண்டுவந்தது. சூசைக்குக் கடை கிடைக்கவில்லை. பிறப்பால் ஆதிதிராவிடர், ஆனால் கிறிஸ்தவர் என்பது காரணம். மனிதர் சும்மா இருக்கவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவும் வறுமையும் தொடர்கின்றன என்று காட்டப் போதுமான ஆதாரம் வைக்கப்படவில்லை என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். கிறிஸ்தவர் என்பதற்காகச் செருப்பு தைக்கும் ஊசியை யாரும் சூசை கையிலிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. வெயிலுக்கு நிழலாக இருந்திருக்கக்கூடிய கடையைத்தான் மறுத்தார்கள். இதைவிட என்ன ஆதாரம் வேண்டுமோ!

அதன் பிறகு ஆதாரத்துக்கும் பஞ்சமில்லை. நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் கொடுத்த அறிக்கை, மூன்றாம் பத்தியையே நீக்கச் சொன்னது. 2004இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கு இருபது ஆண்டுகளைக் கடந்தும் முடியவில்லை. 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு புதிதாக ஒரு ஆணையம் அமைத்தது. இரண்டு ஆண்டில் அறிக்கை என்றார்கள், பிறகு காலக்கெடுவை நீட்டினார்கள். 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் கிறிஸ்தவ தலித்துகளையும் பட்டியலில் சேர்க்கக் கோரித் தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்பியது. அதுவும் அங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே மதம் மாறிய ஆதிதிராவிடர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். மாநில அரசு கல்வி உதவித்தொகையும் தருகிறது. ஆனால் ஒன்றிய அரசு வேலையில் பட்டியல் சாதி இடம் கிடையாது. தனித் தொகுதியிலோ தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியிலோ போட்டியிட முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கை கொடுக்காது. சாதியைச் சொல்லித் தாக்கினார்கள் என்று ஒரு போதகர் கொடுத்த புகாரில், மதம் மாறியவர் அந்தச் சட்டத்தின்கீழ் பாதுகாப்புக் கோர முடியாது என்று 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடிப்பவர் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுவிட்டா அடிக்கிறார்?

ஆகவேதான் நம் காலனிகளில் பல வீடுகளில் ஆளுக்கு இரண்டு பெயர். கோயிலில் கூப்பிட ஒன்று, பள்ளிக்கூடப் பதிவேட்டுக்கு இன்னொன்று. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'இந்து' என்று இருக்கும், வீட்டு நிலைப்படிக்கு மேலே சிலுவை இருக்கும். இதைக் கேலி பேசுகிறவர்கள் உண்டு. 'ரெண்டு பக்கமும் சாப்பிடுறாங்க' என்று டீக்கடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் பட்டினி கிடப்பவர்களைப் பார்த்துச் சொல்லும் பேச்சு அது. ஞானஸ்நானப் பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்று ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புகிற தாயின் மனம் அன்றைக்கு என்ன பாடுபடும் என்று கேலி பேசுகிறவர்களுக்குத் தெரியாது. தான் விசுவாசிக்கிற தேவனைப் பிள்ளையின் வாயாலேயே மறைக்கச் சொல்கிறாள் அவள். பேதுரு மறுதலித்தது கோழி கூவுவதற்குள் மூன்று முறை. இவர்கள் ஒவ்வொரு ஜூன் மாதமும் விண்ணப்பப் படிவத்தில் மறுதலிக்க வைக்கப்படுகிறார்கள்.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் சொன்னதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஞானஸ்நானம் பெற்று, தேவாலயத்துக்கு ஒழுங்காகப் போய்வருகிறவர், வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்பது அரசியல் சட்டத்தையே ஏமாற்றுவதாகும் என்றது தீர்ப்பு. சட்டத்தின் எழுத்துப்படி அப்படிச் சொல்ல இடமிருக்கலாம். நடைமுறையில் என்ன ஆகிறது? ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனதே எதிர்சாட்சியாகிறது. இவ்வளவுக்குப் பிறகும், கிறிஸ்தவர் என்றே எழுதிக் கொடுத்து, வேலையையும் தொகுதியையும் சட்டப் பாதுகாப்பையும் இழக்கிறவர்கள் நம் ஊர்களில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். விசுவாசத்துக்கு விலை கொடுப்பது எப்படி என்று இவர்களுக்கு எந்தப் பிரசங்கியும் கற்றுத்தர வேண்டியதில்லை.

பிறகு ஏன் இருக்கிறார்கள்? 'சாதி இல்லை என்றுதானே அங்கே போனீர்கள், அங்கேயும் சாதி என்றால் திரும்பி வந்துவிட வேண்டியதுதானே' என்று கேட்கிறார்கள். எங்கள் பாட்டிமார் காலத்தில் அவர்களை உட்காரவைத்து ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தது இந்த இடம்தான். செத்த வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஜெபிக்கிற பெண்கள், அன்பியக் கூட்டத்தில் நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசக் கற்றுக்கொண்ட கூலிக்காரர், மண்வெட்டி பிடித்த கையால் பைபிளைப் புரட்டுகிற பெரியவர். இதையெல்லாம் சலுகைக் கணக்கில் வைத்து விட்டுவிட முடியாது. நம்பிக்கை அவர்களுடைய சொத்து. வேறு சொத்து பலருக்கு இல்லை.

அந்த நம்பிக்கையைப் பொறுமை என்று மட்டும் மொழிபெயர்ப்பதில்தான் கோளாறு. யோபுவைப் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். அந்தப் புத்தகத்தைத் திறந்து படித்தவர்களுக்குத் தெரியும், யோபு அதில் முக்கால்வாசி வாதாடுகிறார். தன் வழக்கைக் கடவுள் முன்னாலேயே வைத்து நியாயம் கேட்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து, 'நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அடங்கிப் போ' என்று உபதேசித்த நண்பர்கள்மீதுதான் கடைசியில் கடவுளுக்குக் கோபம் வருகிறது.

லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் வரும் விதவை இன்னும் நெருக்கமானவர். சோர்ந்து போகாமல் ஜெபிக்க வேண்டும் என்பதற்கு இயேசு சொன்ன உவமை அது. அந்தப் பெண் எங்கேயும் முழங்காலில் நிற்கவில்லை. கடவுளுக்கும் பயப்படாத, மனிதரையும் மதிக்காத ஒரு நீதிபதியின் வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போய் நியாயம் கேட்கிறார். தொல்லை தாங்காமல்தான் நீதிபதி இறங்கி வருகிறார். ஜெபம் எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட, விடாமல் நியாயம் கேட்ட பெண்ணை எடுத்துக்கொண்டிருக்கிறார் இயேசு. வட்டாட்சியர் அலுவலகப் படியேறி, 'போய்ட்டு அடுத்த வாரம் வாம்மா' என்று அனுப்பப்பட்டு, மறுபடியும் ஏறுகிற நம் பெண்களை இந்த உவமையில் வைத்து எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்?

திருச்சபை அப்படிப் பேசத் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. மூன்றாம் பத்தியைப் பற்றிப் பேசுவது எளிது, அது டெல்லியில் இருக்கிறது. தேர் எந்தத் தெருவரைக்கும் போகும் என்பது பங்கிலேயே முடிவாகிற விஷயம். நம் மாவட்டத்து இறையூரில் 2008 மார்ச்சில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்கக் கேட்ட தலித் கிறிஸ்தவர்கள் தாக்கப்பட்டார்கள். தாக்கியவர்களும் அதே நற்கருணையை வாங்குகிறவர்கள்தான். துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலேயே சாதிச் சுவர் நின்றதை நாடே பேசியது. கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. நல்ல ஆவணம். எத்தனை பங்கில் அதைப் பீடத்திலிருந்து வாசித்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் வர மாட்டார்.

இந்து தலித்துகளில் சிலருக்கு இருக்கும் அச்சத்தையும் மறைக்க வேண்டாம். இருக்கிற 18 சதவீதத்தில் இன்னொரு கூட்டமும் வந்தால் நம் பிள்ளைக்கு என்ன மிஞ்சும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை, ஆள் கூடும்போது அளவையும் கூட்டச் சொல்லிச் சேர்ந்து கேட்பது. ஒரே காலனியில், ஒரே குழாயடியில் நிற்கும் அண்ணன் குடும்பத்தையும் தம்பி குடும்பத்தையும் பிரித்து வைத்திருப்பதால் எந்த வீட்டுக்கும் ஒரு குடம் தண்ணீர்கூட அதிகம் வந்துவிடவில்லை.

இந்த ஆகஸ்டிலும் ஆயர்களும் குருக்களும் போதகர்களும் கறுப்புப் பட்டை அணிந்து வருவார்கள். வரட்டும். வரும்போது ஒரு பட்டியலையும் கொண்டுவரட்டும். தங்கள் எல்லைக்குள் எந்தெந்த ஊரில் தேர் காலனிக்குள் நுழைவதில்லை, எங்கெங்கே கல்லறை இரண்டாக இருக்கிறது, எந்தப் பங்குப் பேரவையில் தலித் ஒருவர்கூட இல்லை என்ற பட்டியல். அதைச் சரிசெய்ய நாடாளுமன்றத்தில் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை. அடுத்த திருவிழாவுக்கு முன்னால் பங்குப் பேரவையைக் கூட்டினாலே போதும்.