ஏர்வாடிக்குப் போகும் முன்பே

தாம்பரத்துக்கு முந்தைய மின்சார ரயில் நிலையத்துக்கு சானடோரியம் என்று பெயர். 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக அங்கே தொடங்கிய மருத்துவமனையால் வந்த பெயர் அது. ஒரு காலத்தில் அந்த வாசலுக்குள் ஒருவர் போய் வந்தால் அவர் வீட்டில் சம்பந்தம் பேசவே யோசித்தார்கள். இன்று காசநோய் என்றால் ஆறு மாத மாத்திரை என்று நம் வீட்டுப் பெரியம்மாக்களுக்கும் தெரியும். வெட்கம் அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், குறைந்திருக்கிறது. மனநோய் விஷயத்தில் மட்டும் நாம் இன்னும் அந்தப் பழைய வாசலிலேயே தயங்கி நிற்கிறோம்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாக அது சொன்னது. அவர்களில் சிகிச்சை எட்டாதவர்கள், நோயைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம். இந்தக் கணக்கை ஒரு ஜும்ஆவுக்குப் பொருத்திப் பாருங்கள். 300 பேர் ஸஃப்பில் நின்றால் ஏறக்குறைய 30 பேர். அவர்களில் பெரும்பாலோர் யாரிடமும் சொல்லாமலே ஸலாம் கொடுத்துவிட்டு எழுந்து போகிறார்கள்.

பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை நம் மக்களின் வாழ்க்கை எப்படி இருக்கிறது? ராமநாதபுரத்திலும் நெல்லையிலும் வாப்பா, உம்மா, மாமி, சாச்சா என்று ஒரே தெருவில் இருந்தவர்கள் இங்கே இரண்டு அறை வீட்டில் தனிக் குடும்பமாக இருக்கிறார்கள். கணவர் வளைகுடாவில். மனைவி இரண்டு பிள்ளைகளோடும் வயதான மாமியாரோடும் இங்கே. இன்னொரு வீட்டில் மகனுக்கு ஐ.டி. கம்பெனியில் இரவு ஷிப்ட்; பஜ்ரு நேரத்தில் வந்து படுப்பவன் மக்ரிபுக்கு எழுந்திருக்கிறான். வேறொரு வீட்டில் தோல் வியாபாரம் நொடித்து, வட்டிக்காரன் போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கும் வாப்பா. இவர்கள் யாரும் ‘பைத்தியம்’ இல்லை. தூக்கம் கெடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, தொழுகையில் நிற்கவே மனம் வரவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இது நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம்.

ஆனால் நாம் என்ன சொல்கிறோம்? “ஈமான் பலவீனம்” என்கிறோம். இந்த ஒரு வார்த்தை பலரின் வாயை அடைத்துவிட்டது. யஃகூப் நபி (அலை) மகனைப் பிரிந்த துயரில் அழுது அழுது கண் வெளுத்துப் போனதைக் குர்ஆன் சொல்கிறது. அவர்களின் ஈமானை யார் சந்தேகிப்பார்? கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டுக்குத் துக்க ஆண்டு என்றே வரலாற்றில் பெயர்.

அபூதாவூதில் ஒரு நிகழ்வு வருகிறது. தொழுகை நேரம் அல்லாத நேரத்தில் அபூஉமாமா என்ற அன்சாரித் தோழர் பள்ளிவாசலில் தனியாக உட்கார்ந்திருப்பதை நபி (ஸல்) பார்த்து, ஏன் என்று கேட்கிறார்கள். கடனும் கவலையும் என்று அவர் சொல்ல, அவருக்கு ஒரு துஆ கற்றுத் தருகிறார்கள். அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டு என்போர் இருக்கிறார்கள். கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் கடன் சுமையிலிருந்தும் பாதுகாப்புத் தேடும் துஆ புகாரியிலும் இருக்கிறது. நாம் அந்த துஆவை மனப்பாடம் செய்கிறோம். அதற்கு முந்தியதை விட்டுவிடுகிறோம்: நேரம் தவறி ஒருவர் உட்கார்ந்திருப்பதைக் கவனித்ததும், பக்கத்தில் போய்க் கேட்டதும்.

அபூஸைத் அல்பல்கீ (850–934) ‘மஸாலிஹுல் அப்தான் வல்அன்ஃபுஸ்’ என்ற நூலில் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் தனித்தனிப் பகுதி ஒதுக்கினார். காரணம் தெரிந்து வரும் துக்கத்தையும், காரணமே தெரியாமல் உடலிலிருந்து கிளம்பும் துக்கத்தையும் பிரித்துக் காட்டி, பின்னதற்கு மருந்தும் வேண்டும் என்றார். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஆலிமுக்குத் தெரிந்தது நமக்கு ஏன் மறந்தது என்று சில நேரம் கோபமே வருகிறது.

மறந்ததன் விலையை ஏர்வாடியில் கொடுத்தோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தர்காவை ஒட்டி நடந்த மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, 500-க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். அங்கே உறவினரை விட்டுவந்த குடும்பங்கள் எல்லாம் கொடுமைக்காரர்கள் அல்லர். ஆரம்பத்தில் சொல்ல வெட்கப்பட்டு, பிறகு ஜின், செய்வினை என்று அலைந்து, கடைசியில் கையில் காசும் உடம்பில் தெம்பும் இல்லாமல் போய் விட்டவர்களே அதிகம். முதல் மாதத்திலேயே டாக்டரிடம் போயிருந்தால் அவர்களில் எத்தனை பேர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள்!

ஓதிப் பார்ப்பதை நான் மறுக்கவில்லை. மாத்திரையை நிறுத்தினால்தான் ஓதுவேன் என்பவரைத்தான் மறுக்கிறேன். குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் தொடங்கி, பின்னர் ஏர்வாடியிலும், துஆவுக்கு வருபவரை அங்கேயே மனநல டாக்டரிடமும் அனுப்பும் ஏற்பாடு வந்தது. துஆ கேட்பவரை யாரும் தடுக்கவில்லை, மருந்தும் கிடைக்கிறது. தர்கா விஷயத்தில் நமக்குள் கருத்து வேறுபாடு உண்டு, அது வேறு பேச்சு. ஒவ்வொரு மஹல்லாவும் செய்யக்கூடிய வேலை இது.

சட்டமும் மாறியிருக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. மருத்துவக் காப்பீட்டில் உடல்நோய்க்குச் சமமாக மனநோயையும் சேர்க்கச் சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி அரசு சிகிச்சை தர வேண்டும் என்கிறது. முன்பு அதைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவு, 2024 ஜூலை 1-ல் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அப்படியே தொடரவில்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, விஷம் குடித்த பிள்ளையை வயிற்றுவலி என்று சேர்க்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையைச் சொன்னால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும்.

எங்கே போவது? செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794-ல் தொடங்குகிறது; அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிக்கும் பழக்கத்தை நம் வீட்டுப் பிள்ளைகள் விடட்டும், அங்கும் வெளிநோயாளியாகப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம். வெளியே போகவே தயக்கமா? 14416-க்குப் போன் செய்யுங்கள். 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய டெலி-மானஸ் சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில், பெண்கள் தொழும் பகுதியிலும், இந்த எண்ணை ஒட்ட நிர்வாகிகளுக்கு ஐந்து நிமிடம் போதும்.

இன்னொன்று, ரமழான் நெருங்கும்போது தவறாமல் என்னிடம் வரும் கேள்வி: “ஹஜ்ரத், நோன்புக்காக மாத்திரையை ஒரு மாதம் நிறுத்திக்கொள்ளட்டுமா?” நீங்களாக நிறுத்தாதீர்கள். பல மருந்துகளின் நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றித் தர டாக்டரால் முடியும். லித்தியம் சாப்பிடுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். உடலில் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறி ஆபத்தாகலாம். ஷஃபானிலேயே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். நோன்பு வேண்டாம் என்று அவர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை சர்க்கரை நோயாளிக்கு எப்படியோ அப்படியே உங்களுக்கும் உண்டு. குணமாகும் நோய் என்றால் பிறகு களா செய்யலாம், நீடித்த நோய் என்றால் ஃபித்யா கொடுக்கலாம். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை டாக்டரின் சீட்டோடு வந்து உங்கள் மஹல்லா இமாமிடம் கேளுங்கள்.