உரிமம் முதலாளிக்கு, வழக்கு தொழிலாளிக்கு: வீட்டில் வெடிக்கும் கருந்திரியும் கிடைக்காத காப்பீடும்

சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை வட்டாரங்களில் ஏதேனும் ஒரு வீட்டில் கருந்திரி வெடித்தால், மறுநாள் வரும் செய்தியின் வடிவம் மாறுவதே இல்லை. 'உரிய அனுமதியின்றி' என்று அது தொடங்கும். தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடப்பவர் மீதே வழக்குப் பதியப்பட்டது என்று முடியும். அந்தத் திரியைக் கூலிக்குச் சுற்றக் கொடுத்தவர் யார், அது எந்த ஆலையின் பட்டாசுக்குள் செல்லவிருந்தது என்ற கேள்விகளுக்குச் செய்தியிலும் இடமில்லை, பெரும்பாலும் முதல் தகவல் அறிக்கையிலும் இடமில்லை.

1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும் உரிமமின்றிப் பட்டாசு தயாரிப்பதைத் தடை செய்கின்றன. 9பி பிரிவின்கீழ் மூன்றாண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. கையாளும் அளவைப் பொறுத்து உரிமம் வழங்கும் அதிகாரி மாறுகிறார். டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று வட்டார வழக்கில் சொல்வது இதைத்தான். இவற்றுள் மிகச் சிறிய உரிமத்தின் வரம்பு ஒரே நேரத்தில் 15 கிலோ. அதற்கும்கூடக் குடியிருப்பிலிருந்து விலகிய தனிக் கட்டடமும் சுற்றிலும் பாதுகாப்பு இடைவெளியும் வேண்டும்.

இந்த நிபந்தனைகள் தேவையற்றவை என்று நாங்கள் வாதிடவில்லை. குழந்தைகள் உறங்கும் அறையில் வெடிமருந்து இருக்கக் கூடாது. ஆனால் இடைவெளி என்பது நிலம். நிலம் இந்த நாட்டில் யாரிடம் இருக்கிறது என்பது சாதியின் கேள்வி. காலனியில் இரண்டு, மூன்று சென்ட் மனையில் வாழும் குடும்பம் எந்நாளும் உரிமதாரராக முடியாது; உரிமதாரருக்காக உழைக்கும் கூலியாக மட்டுமே இருக்க முடியும். இடர் மிகுந்த, கூலி குறைந்த வேலை வீட்டுக்கு வருகிறது. உரிமமும் இலாபமும் ஆலையிலேயே தங்கிவிடுகின்றன.

காப்பீடும் உரிமத்தின் வழியிலேயே நடக்கிறது. ஆலை எடுக்கும் காப்பீடு, உரிமம் பெற்ற வளாகத்துக்கும் பதிவேட்டில் பெயருள்ள தொழிலாளிக்கும் உரியது. 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் தொழிலாளர் அல்லாதோருக்கானது. வீட்டில் திரி சுற்றும் பெண் இவ்விரண்டுக்கும் வெளியே நிற்கிறார். சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளில் பணிபுரியும் ஒவ்வொருவருக்கும் ரூ.50,000 காப்பீடு வேண்டும், அதற்கான பிரீமியத்தை முதலாளியே செலுத்த வேண்டும் என்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது 1990இல். அந்த நெறி இன்னும் ஆலை வாசலைத் தாண்டி வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரவில்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். உரிமம் இல்லையென்றால் இழப்பீடும் இல்லை என்று குடும்பங்களிடம் சொல்லப்படுகிறது. அது சட்டமன்று. 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், முதலாளியின் தொழிலுக்காக வெடிபொருள் தயாரிப்போரையும் கையாளுவோரையும் இரண்டாம் அட்டவணையில் பெயர் சொல்லியே சேர்த்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் ஏழாம் அத்தியாயம் அக்கட்டமைப்பைத் தொடர்கிறது. பொறுப்பின் அடிப்படை வேலை உறவு. உரிமச் சான்றிதழ் அன்று. காப்பீடு இல்லையென்றால் முதலாளி தம் கையிலிருந்து கொடுக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

ஆனால் சட்டத்தில் ஓர் ஓட்டையும் உண்டு. ஒப்பந்தக்காரரின் தொழிலாளிக்கு முதன்மை முதலாளியே பொறுப்பு என்று கூறும் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, விபத்து அவருடைய கட்டுப்பாட்டிலுள்ள இடத்துக்கு வெளியே நடந்தால் பொருந்தாது. உள்குத்தகைக்கு விடப்பட்ட ஆலையில் இப்பிரிவு கைகொடுக்கும். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது உள்குத்தகை முறையே பேசுபொருளானது. வீட்டு விபத்தில் அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. வேலையை வீட்டுக்கு அனுப்புவதால் முதலாளி அடையும் பெரிய இலாபம் கூலி மிச்சமன்று. இந்தப் பொறுப்புத் துறப்பே.

ஆகவே, இடைத்தரகர் ஆலையின் கையாள் என்று நிறுவுவதே வழக்கின் உயிர். கூலிச் சிட்டை, கைப்பேசி அழைப்புகள், பணப் பரிமாற்றங்கள், மூட்டையின் அடையாளங்கள் ஆகியவற்றை விபத்து நடந்த ஓரிரு நாள்களிலேயே பாதுகாக்க வேண்டும். களத்துக்குச் செல்லும் மாணவர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இது. அரசு அறிவிக்கும் நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு என்பதைக் குடும்பத்தினருக்கு விளக்க வேண்டும். மரணம் நேர்ந்த வழக்கில் இழப்பீட்டை உரிய அதிகாரியிடம் செலுத்த வேண்டும் என்பதே சட்டம். சாவு வீட்டில் கொடுக்கப்படும் பணக்கட்டும் வெற்றுத்தாளில் வாங்கப்படும் கையொப்பமும் உரிமையை அழித்துவிடா. இரண்டாண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

நம் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, வீட்டு விபத்துகளில் விசாரணை பொருளைக் கொடுத்தவரிடமிருந்து தொடங்க வேண்டும். கூலிக்காரர் முதல் குற்றவாளியாக்கப்படக் கூடாது. இரண்டு, அபாயகரமான தொழிலில் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் ஈ.எஸ்.ஐ. பொருந்தும் என அறிவிக்கும் அதிகாரத்தை 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு மத்திய அரசுக்கு அளித்துள்ளது. அதைப் பட்டாசுத் தொழிலின் வீட்டு வேலைக்கும் பயன்படுத்த வேண்டும். மூன்று, விதிகளுக்கு உட்பட்ட பொதுத் தொழிற்கூடங்களை அரசு நிலத்தில் அமைத்து, உரிமத்தைத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் பெயரில் வழங்க வேண்டும். பட்டியல் சாதியினரின் தொழில் முனைவுக்கும் உதவும் தாட்கோ இதில் முன்னிற்க வேண்டும்.

வீட்டில் வெடிமருந்து இருக்கக் கூடாது என்பதில் அரசுக்கும் நமக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதை அங்கே கொண்டுவந்து வைத்தவர் யார் என்பதைத்தான் நாம் கேட்கிறோம்.