எரிந்த மகிழுந்துகளுக்கு மறுபிறவியா?

1957ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள், இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரிலிருந்த ஜாகுவார் தொழிற்சாலையில் பெருந்தீ மூண்டது. அப்போது அங்கே எக்ஸ்.கே.எஸ்.எஸ். மகிழுந்துகள் உருவாகிக்கொண்டிருந்தன. பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் புகழ்பெற்ற டி-டைப் பந்தய மகிழுந்தைச் சாலையில் ஓட்டுவதற்கேற்ப மாற்றியமைத்த வண்டிகள் அவை. திட்டமிட்ட 25இல் ஒன்பது தீக்கிரையாயின. எஞ்சிய 16 மட்டுமே விற்பனைக்குச் சென்றன.

2016இல் அதே நிறுவனம், அந்த ஒன்பதையும் புதிதாகச் செய்து விற்கப்போவதாக அறிவித்தது. ஒன்றின் விலை ஒரு மில்லியன் பவுண்டுக்கும் மேல்! இவை அசலா, நகலா என்னும் விவாதமும் எழுந்தது.

செய்முறையைப் பார்த்தால், நகல் என்று ஒதுக்க மனம் வராது. 1950களின் மகிழுந்துகளைக் கணினிக் கருவிகளால் அளந்தார்கள். ஆனால், மெக்னீசியக் கலப்புத் தகடுகளைப் பழைய முறைப்படி இரு சக்கரங்களுக்கிடையே கையால் முன்னும் பின்னும் தள்ளித்தான் வளைத்தார்கள். ஒரு வண்டியில் 2,000க்கும் மேற்பட்ட தறையாணிகள். உழைப்போ ஏறத்தாழ 10,000 மணி நேரம். 3.4 லிட்டர் இயந்திரமும் அன்றைய அமைப்பிலேயே வார்க்கப்பட்டது. எரிபொருள் கலனையோ இன்றைய எரிபொருளைத் தாங்கும் பொருளால் செய்தார்கள். பாதுகாப்பு கருதிச் செய்த அம்மாற்றத்தை யாரும் குறைகூற முடியாது.

இத்தகைய கைத்தொழிலை ஏட்டில் எழுதிக் காப்பாற்ற இயலாது. தகட்டை எந்த இடத்தில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதைச் செய்து பார்க்கும் கைதான் கற்றுக்கொள்கிறது. ஆகவே, இம்முயற்சியை நான் வரவேற்கிறேன். வாங்கியவர்கள் ஒன்பது செல்வந்தர்கள் என்பது வேறு கதை.

ஆயினும், ஒன்றை மட்டும் ஏற்க முடியவில்லை. புதிய வண்டிகளுக்கு அன்றைய பதிவேட்டைச் சார்ந்த வரிசை எண்களையே வழங்கினார்கள். அசல் நிறுவனமே செய்ததால் அதற்கு உரிமை உண்டு என்பர் சிலர். உரிமை இருக்கலாம். ஆனால், தீயில் போனவை போனவைதாம். நூறாண்டு கழித்து அந்த எண்ணைப் படிப்பவர், தம்முன் நிற்பது 1957ஆம் ஆண்டு வண்டி என்றே எண்ணிவிடக்கூடும். எண்ணுக்குப் பக்கத்திலேயே, செய்து முடித்த ஆண்டையும் அழியாதபடி பொறிக்க வேண்டும் என்பேன். 10,000 மணி நேரம் உழைப்பவர்களுக்கு அதற்குச் சில நிமிடங்கள் போதும்.