மைட்டோகாண்ட்ரியாவின் விந்தையும் விடுபட்ட பாடமும்

அணுசக்தி நகரின் பள்ளிகளில் மத்தியப் பாடத்திட்டத்தில் பயின்ற மாணவர்கள் பல்லாண்டுகள் கையில் வைத்திருந்த ஒன்பதாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. அறிவியல் நூல், மைட்டோகாண்ட்ரியாவை விந்தையான நுண்ணுறுப்பு என்றது. அதற்கெனத் தனி டிஎன்ஏவும் ரைபோசோம்களும் உண்டு என்பதே காரணம். ஏன் உண்டு என்பதை அந்நூல் சொல்லவில்லை. விடை பரிணாமத்தில் இருக்கிறது. அந்தப் பகுதியோ 2023இல் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து நீக்கப்பட்டது. அறிவியலாளரும் ஆசிரியருமாக 1,800க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டு எதிர்த்தனர். பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் எடுக்கும் மாணவருக்கு விந்தை விந்தையாகவே நின்றுவிடும்.

பசுங்கணிகங்கள் ஒருகாலத்தில் தனித்து வாழ்ந்த நுண்ணுயிர்களே என்று மெரெஷ்கோவ்ஸ்கி 1905இல் எழுதினார். பல இதழ்கள் மறுத்த பின்னர் 1967இல் வெளிவந்த லின் மார்குலிஸின் கட்டுரை அக்கருத்துக்கு உயிரூட்டியது. ஆயினும், 'ஒரு செல் இன்னொன்றை விழுங்கியது' என்று வகுப்பறைகளில் சொல்லப்படும் கதை பாதிக் கதைதான். மனித மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவில் 16,569 இணைகள், 37 மரபணுக்கள். அவற்றுள் புரதத்துக்கானவை 13 மட்டுமே. அங்கு இயங்கும் ஏறத்தாழ ஆயிரம் புரதங்களுள் மற்றவை யாவும் உட்கருவின் கட்டளைப்படி வெளியே உருவாகி உள்ளே அனுப்பப்படுகின்றன. விருந்தாளி தன் உடைமைகளை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்ததே உண்மையான திருப்பம்.

அதன் இடைநிலையைக் காண வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் நைட்ரஜனை நிலைநிறுத்தும் அனபீனா நீலப்பச்சைப் பாசியைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. அதன் நெருங்கிய உறவு ஒன்று, தமிழக நெல்வயல்களில் உரமாக வளர்க்கப்படும் அசோலாவின் இலைக்குழிகளில் குடியிருக்கிறது. 2010இல் வெளியான அதன் மரபணுத்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மரபணுக்கள் சிதைந்து செயலிழந்திருந்தன. தனித்து வாழும் திறனை அது இழந்துவிட்டது. ஆனால் செல்லுக்குள் அது இன்னும் நுழையவில்லை. நுழைந்துவிட்ட சான்று 2024இல் கிடைத்தது: பிராருடோஸ்பேரா என்னும் கடற்பாசியினுள் வாழ்ந்த நைட்ரஜன் நிலைநிறுத்தி, ஓம்புயிரியின் புரதங்களை ஏற்று, அதனுடனேயே பிரியும் நுண்ணுறுப்பாகிவிட்டது. அதற்கு நைட்ரோபிளாஸ்ட் என்று பெயர்.

பாடச்சுமையைக் குறைக்கவே இந்த நீக்கம் என்பது வாதம். சுமை மெய்தான், குறைக்க வேண்டியதும் மெய்தான். ஆனால் பெயர்களையும் படங்களையும் வைத்துக்கொண்டு காரணத்தை நீக்கினால் மனப்பாடச் சுமை கூடுமேயன்றிக் குறையாது. காரணத்தைக் காட்ட ஒரு பக்கம் போதும். ஓர் அசோலா இலையைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பள்ளி நுண்ணோக்கியில் வைத்தால், மணிமாலை போன்ற பாசியிழைகளும் அவற்றினிடையே பருத்த செல்களும் தெரியும்.