கயிற்றைப் பிடிப்பவர் யார்?

குலசேகரன்பட்டினம் என்றால் அண்மைக்காலம் வரை நம்மில் பலருக்கு முத்தாரம்மன் கோயில் தசராவும், வேடம் புனைந்து வீதி நிறைய வரும் பக்தர் கூட்டமுமே நினைவுக்கு வந்தன. 2024 பிப்ரவரி 28ஆம் நாள் அங்கே இந்தியாவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து தெற்கு நோக்கிச் செலுத்தினால் இலங்கையைத் தவிர்க்க வளைந்து செல்ல வேண்டியதில்லை, எரிபொருள் மிச்சமாகும், எனவே சிறிய ராக்கெட்டுகளுக்கு அது தோதான இடம் என்பது இஸ்ரோவின் கணக்கு. கணக்கு சரியானதே. ஆனால் அந்த அடிக்கல்லுக்குப் பிறகு நம் சூழலில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. குலசையிலிருந்து நிலவுக்கு, நிலவிலிருந்து செவ்வாய்க்கு, பிறகு அங்கேயே குடித்தனம் என்று அது நீள்கிறது. ஏறத்தாழ ஐந்நூறு கிலோ எடையைத் தாழ்ந்த சுற்றுப்பாதையில் வைக்கும் ராக்கெட்டுக்கான தளம் அது என்பதைச் சொன்னால் பேசுபவர்களின் முகம் வாடிவிடுகிறது. முகம் வாடவேண்டும் என்பது எங்கள் நோக்கமன்று. வேறொரு கோளில் மனிதன் வாழ்வதென்றால் என்ன என்ற கேள்வியை இந்தக் கரையை வைத்தே யோசித்துப் பார்க்கலாம் என்பதுதான் நாங்கள் சொல்ல வருவது.

குலசையிலிருந்து சற்றே உள்ளே நடந்தால் தேரி. குதிரைமொழித் தேரியின் செம்மணல் மேடுகளைப் படம் பிடித்து, செவ்வாயில் ஊர்ந்த வாகனங்கள் அனுப்பிய படங்களுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு கணம் மயக்கம் வரும். மயக்கத்துக்குக் காரணமும் உண்டு. இரண்டு இடத்திலும் மண்ணைச் சிவப்பாக்கியது இரும்பின் துருதான். ஒற்றுமை அவ்வளவோடு முடிந்துவிடுகிறது. காற்றடித்தால் இடம்பெயரும் அந்த மணலில் பனை வேர்விட்டு நிற்கிறது. தோண்டினால் நீர் ஊறுகிறது. பதநீர் காய்ச்சி உடன்குடிக் கருப்பட்டியாக நம் வீட்டுக்கு வருகிறது. தென் தமிழகத்தில் மிகக் கடுமையான நிலம் எதுவென்று கேட்டால் தேரியைக் கைகாட்டுவோம். அந்தத் தேரி செவ்வாயோடு ஒப்பிடுகையில் மருதம்.

செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இருக்கிற காற்றிலும் ஏறத்தாழ 95 விழுக்காடு கரியமிலவாயு. ஈர்ப்பு நம்முடையதில் 38 விழுக்காடு. மண்ணில் பெர்குளோரேட் உப்புகள் கலந்திருக்கின்றன. உப்பளத்து மனிதர்களான நமக்கு உப்பு புதிதல்ல, ஆனால் இது தைராய்டைக் கெடுக்கும் உப்பு. கோள் முழுவதையும் போர்த்திக் காக்கும் காந்தப்புலம் இல்லாததால் விண்வெளிக் கதிர்வீச்சு தடையின்றி இறங்குகிறது. 2021இல் அங்கு இறங்கிய பெர்சிவரன்ஸ் வாகனத்தில் கரியமிலவாயுவிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் சிறு கருவி ஒன்றை நாசா பொருத்தியிருந்தது. 2023 வரை பதினாறு முறை இயக்கி மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் எடுத்தார்கள். அரிய சாதனை, ஐயமில்லை. ஒரு மனிதன் மூன்றரை மணி நேரம் மூச்சுவிடப் போதுமானது அது.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. அதன்மேல் மரமும் பறவையும் விலங்கும் தொழிலும் கருப்பொருளாக அமைகின்றன; பிறகே மனிதனின் அகம். இந்த வரிசையைச் செவ்வாயின்மேல் வைத்துப் பாருங்கள். முதற்பொருள் உண்டு. பொழுதுகூடக் கிட்டத்தட்ட நம் பொழுதுதான், ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் கூடுதல். ஆண்டு மட்டும் 687 நாள், ஆகவே பெரும்பொழுதுகள் இரட்டிப்பாக நீளும். ஆனால் கருப்பொருள் என்ற இடம் முழுக்கக் காலி. ஒரு புள் இல்லை, ஒரு பூ இல்லை, பறை இல்லை, யாழ் இல்லை. அவை எல்லாவற்றையும் இங்கிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போகவேண்டும். முதல் நாளிலேயே போகவேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மற்றவை பிழைக்கா. இதைப் பொறியியல் சிக்கல் என்று மட்டும் கருதுவோருக்குத் திணை என்பது வெறும் பாடத்திட்டம் என்றே தோன்றுகிறது.

இனி கடலுக்கு வருவோம். மனிதன் மூச்சுவிட இயலாத ஓர் உலகத்துக்குள் தொழில்முறையாக இறங்கி ஏறிய அனுபவம் உலகில் மிகச் சில கரைகளுக்கே உண்டு. அவற்றுள் பழமையான ஒன்று நம்முடையது. தூத்துக்குடிக்கு எதிரே கடலடியில் பாறைத் திட்டுகளாகக் கிடக்கும் பார்களில் (தோலாயிரம் பார் என்ற பெயர் இன்றும் மீனவர் வாயில் வழங்குகிறது) முத்துச்சிப்பி விளைந்தபோதெல்லாம் சலாபம் கூடியது. குளியாள் காலடியில் கல்லைக் கட்டி இறங்குவான். பத்து மீட்டர் ஆழத்தில் உடலின்மேல் அழுத்தம் இரட்டிப்பாகும். காதிலும் மூக்கிலும் குருதி கசிவது புதிதல்ல. ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. அதற்குள் கூடையில் அள்ளிய சிப்பியோடு கயிற்றை அசைக்கவேண்டும். வள்ளத்தில் நிற்பவன் அந்த அசைவை உணர்ந்து அக்கணமே இழுக்கவேண்டும். சுறாவைக் கட்ட மந்திரம் ஓதும் ‘கடல்கட்டி’ என்றொருவர் கரையில் இருந்தார். மார்க்கோ போலோ காலந்தொட்டு இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பின்னாளில் ஆங்கில அரசுகூட அவருக்குக் கூலி கொடுத்தது. சிரிக்கத் தோன்றும். ஆனால் ஆபத்தான இடத்துக்குப் போகிறவனின் மனத்தைத் திடப்படுத்துவதும் பயணச் செலவில் ஒரு பகுதியே என்பதை அந்த அரசு புரிந்துகொண்டிருந்தது என்றும் கொள்ளலாம். இன்று விண்வெளி நிறுவனங்கள் உளவியலாளர்களை அமர்த்துகின்றன.

கயிற்றை யார் பிடிப்பது? குளியாளின் மச்சான், மனைவியின் உடன்பிறந்தான், பிடிப்பான் என்று இக்கரையில் சொல்வார்கள். தன் தங்கை தாலி அறுப்பதை எந்த அண்ணனும் விரும்பமாட்டான். ஆகவே அவன் கண் அயராது. எல்லா வள்ளத்திலும் எக்காலத்திலும் அப்படியே நடந்ததா என்று வாதிடலாம். நமக்கு முக்கியம் அந்த ஏற்பாட்டின் அறிவு. கீழே இருப்பவன் பிழைக்கவேண்டும் என்பதில் மேலே இருப்பவனுக்குச் சொந்த நட்டம் இருக்கவேண்டும். கயிற்றின் வலிமையைப் போலவே அதுவும் தொழில்நுட்பத்தில் ஓர் அங்கம்.

விண்வெளியில் இந்தக் கயிறு எவ்வளவு நீளம்? பூமிக்கு நானூறு கிலோமீட்டர் உயரத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையம். 2024 ஜூன் மாதம் சுமார் எட்டு நாள் பயணமாக அங்கே சென்ற சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும், அவர்கள் போன கலத்தில் கோளாறு கண்டதால், 2025 மார்ச்சில்தான் திரும்பினார்கள், 286 நாள். கிட்டத்தட்ட கன்னியாகுமரியிலிருந்து திருச்சி போகும் தொலைவே உள்ள உயரம் அது! செவ்வாயிலிருந்து ‘இழு’ என்று ஒருவர் சொன்னால் அச்சொல் இங்கு வந்து சேர, கோள்களின் இருப்பைப் பொறுத்து, மூன்று நிமிடம் முதல் இருபத்திரண்டு நிமிடம் வரை ஆகும். சொல் வந்து சேர்ந்தபின் கலம் புறப்பட வாய்ப்பான காலம் இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறைதான் அமைகிறது. புறப்பட்டபின் பயணம் ஆறேழு மாதம். குளியாளுக்கு ஒரு நிமிடம் எதுவோ அது அங்கே மூன்றாண்டு. அப்படிப்பட்ட நீளமுள்ள கயிற்றைக் கயிறு என்றே சொல்ல முடியாது. போகிறவர்கள் கயிறில்லாமல் போகிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேசவேண்டும்.

கயிறில்லாமல் ஒரு மூடிய உலகில் வாழ்ந்து பார்க்கும் முயற்சி இங்கேயே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் 1991 முதல் 1993 வரை எட்டுப் பேர் ‘பயோஸ்பியர் 2’ என்ற கண்ணாடிக் கூடத்துக்குள் பயிரிட்டு, உண்டு, மூச்சுவிட்டு இரண்டாண்டுகள் இருந்தார்கள். உள்ளே காடும் சிறு கடலும்கூட உண்டு. ஆக்சிஜன் மெல்ல மெல்லக் குறைந்து 21 விழுக்காட்டிலிருந்து 14 அளவுக்கு இறங்கியது. காரணம் கண்டுபிடிக்கவே நாளாயிற்று. வளமான மண்ணின் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை உண்டு கரியமிலவாயுவாக வெளியிட, அதைக் கட்டடத்தின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டிருந்தது. கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்தினார்கள். எட்டுப் பேரும் நாலு நாலாகப் பிரிந்து பேச்சுவார்த்தை அற்றுப்போனதும் நடந்தது. கதவுக்கு வெளியே அரிசோனா இருந்தது என்பதே அவர்களது பேறு.

காற்று என்றதும் இவ்வூரில் வேறொன்றும் நினைவுக்கு வராமலிராது. 2018 மே 22 அன்று, தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாம் நாளில், காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் பதின்மூன்று பேர் இறந்தார்கள். சுவாசிக்கும் காற்றைப் பற்றிக் கேள்வி கேட்க இந்த ஊரில் ஒரு சாலை இருந்தது, ஆட்சியர் அலுவலகம் இருந்தது, பிறகு ஆணையமும் நீதிமன்றமும் இருந்தன. அப்படியிருந்தும் அந்த விலை. காற்றையே ஒரு நிறுவனம் எந்திரத்தில் செய்து அளந்து கொடுக்கும் குடியிருப்பில் ஊதியத் தகராறு ஒன்று எழுந்தால் என்னவாகும்? 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தம் எந்த நாடும் எந்தக் கோளையும் தனதென்று உரிமை கொண்டாட முடியாது என்கிறது. அங்கே வேலைக்குப் போகிறவன் வேலைநிறுத்தம் செய்யலாமா என்பது பற்றி அது பேசவில்லை.

ஏனெனில் போகப்போவது யார் என்ற கேள்வி இருக்கிறது. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடும்போது, அத்தொழிலில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய செய்தி. முதன்முதலாக அந்நிய உலகத்துக்குள் இறங்கியவர்கள் விரும்பிப் போனவர்களாக இல்லை. பிறகு அது ஒரு குலத்தின் தொழிலாயிற்று. பாண்டியர், போர்த்துக்கீசியர், 1658க்குப் பின் டச்சுக்காரர், அப்புறம் ஆங்கிலேயர் என்று கரைக்கு உரிமையாளர் மாறிக்கொண்டே இருந்தார்கள்; குளியாள் மாறவில்லை. ஆங்கில அரசு நடத்திய சலாபங்களில் அள்ளிய சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு அவனுக்கு, மீதி அரசுக்கு என்பது வழக்கமாக இருந்தது. இன்று செவ்வாய்ப் பயணத்துக்குப் பெயர் கொடுப்போர் படித்தவர்கள், வசதியுள்ளவர்கள். முதல் நால்வர் அப்படித்தான் இருப்பார்கள். நானூறாவது ஆள் குழாய் பழுதுபார்ப்பவராகவும் சாக்கடை அடைப்பு எடுப்பவராகவும் இருப்பார். அவரது ஒப்பந்தத்தில் திரும்பும் பயணச்சீட்டு எழுதப்பட்டிருக்குமா என்பதே எங்கள் கவலை.

முத்துக்கு என்னவாயிற்று என்று கேட்கலாம். 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்தவையே தூத்துக்குடியின் கடைசிச் சலாபங்கள். பார்கள் முன்பும் பல்லாண்டுகள் வெறுமையாகக் கிடந்து மீண்டிருக்கின்றன; இம்முறை மீளவில்லை. 1973இல் தூத்துக்குடியிலிருந்த மத்திய கடல் மீன்வள ஆய்வு விஞ்ஞானிகள் செயற்கை முறையில் முத்து வளர்த்துக் காட்டினார்கள். கடல் தானே கொடுத்தது வேறு, நாம் வருந்திச் செய்தது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கயிற்றின் இடத்தில் வள்ளத்துக் கம்ப்ரசரிலிருந்து இறங்கும் காற்றுக்குழாய் வந்திருக்கிறது. அதோடு, அவசரமாக மேலேறினால் மூட்டுகளை முடக்கும் நோயும் வந்திருக்கிறது.

மன்னார் வளைகுடாவில் இருபத்தொரு தீவுகள் என்று பள்ளியில் படித்தோம். அவற்றுள் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிக்கு அருகிலிருந்த விலாங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல்லாண்டுகள் பவளப்பாறையை வெட்டியெடுத்தோம். அலையைத் தடுக்க ஒன்றுமில்லாமல் போயிற்று. 1986இல் தேசியப் பூங்கா, 1989இல் உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவிப்புகள் வந்தபின்னும் வெட்டு உடனே நிற்கவில்லை. வான் தீவைக் காக்க 2015 முதல் செயற்கைத் திட்டுகளைக் கடலில் இறக்கினார்கள். தீவு ஓரளவு தேறியிருக்கிறது. காரைச்சல்லி சுருங்கிக்கொண்டு வருகிறது, அதற்கும் இப்போது அரசு திட்டம் வகுத்திருக்கிறது. வேற்றுக் கோளை மனிதனுக்கு ஏற்றதாக மாற்றும் பெருந்திட்டங்களைப் பற்றி ஆங்கிலத்தில் தடித்த நூல்கள் உண்டு. கரையிலிருந்து வள்ளத்தில் போய்வரும் தொலைவிலுள்ள ஒரு மணல்திட்டை அதன் இடத்திலேயே நிறுத்தி வைப்பதும் அதே கலைதான். அதைத் தூத்துக்குடியில் சிலர் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நம் இதழ்களில் ஒரு பத்தி கூட நாங்கள் படித்ததில்லை.

இலக்கியத்துக்கு இதில் வேலை உண்டு. தமிழ் அறிபுனைவில் செவ்வாய்க்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஹூஸ்டனிலிருந்து கிளம்பியவர்களைப் போலவே பேசுகிறார்கள். ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004இலும் ‘கொற்கை’ 2009இலும் வந்தபின் இக்கரை மனிதர் நம் உரைநடைக்குள் வந்துவிட்டார்கள். மூச்சை அடக்கி இறங்குகிறவனின் மொழி, கயிற்றின் அசைவில் பேசப்படும் மொழி நம்மிடம் இருக்கிறது. வேற்றுக்கோள் வாழ்வை எழுதும் நண்பர்கள் அங்கிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

ராக்கெட் ஏவும் நாளில் குறிப்பிட்ட எல்லைக்குள் கடலுக்குப் போகக்கூடாது என்பது ஸ்ரீஹரிக்கோட்டாப் பக்கத்து மீனவர்களுக்குப் பழகிப்போன விதி. குலசையில் தளம் இயங்கத் தொடங்கியதும் மணப்பாட்டுக்கும் ஆலந்தலைக்கும் அவ்விதி வரும். ஆண்டுக்கு எத்தனை நாள், அந்நாட்களுக்கு ஈடு என்ன, யார் தருவது என்பவற்றை இப்போதே எழுத்தில் வாங்கிவிடவேண்டும்.