விற்றதைத் திரும்ப எடுக்கும் அதிகாரம் கூடாது

மின்னூல், திரைப்படம், கணினி விளையாட்டு போன்றவற்றை இணையக் கடைகளில் முழு விலை கொடுத்து வாங்குவோருக்குப் பெரும்பாலும் பொருள் கைமாறுவதில்லை. கைமாறுவது ஓர் உரிமம் மட்டுமே. அந்தக் கடையின் செயலியில், அந்த ஒரு கணக்கில், கடைக்கும் படைப்பின் உரிமையாளருக்கும் இடையிலான ஒப்பந்தம் நீடிக்கும் வரையில் படிக்கலாம், பார்க்கலாம், விளையாடலாம் என்ற அனுமதி அது. கடையின் விதிமுறைகளில் இது எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் கண்ணில் படும் பொத்தான் 'வாங்கு' என்றே சொல்கிறது. மாதச் சந்தா கட்டிப் படம் பார்ப்பவர் அந்தப் படம் தன்னுடையது என்று நினைப்பதில்லை. வாடகை என்று தெரிந்தே கட்டுகிறார். அதில் ஏமாற்று இல்லை. விற்பனை என்று சொல்லி முழு விலை வாங்கிக்கொண்ட நிறுவனம், விற்றதைத் தன் விருப்பப்படி திரும்ப எடுத்துக்கொள்ள முடிவதுதான் அநீதி. இந்த அதிகாரத்தைச் சட்டத்தால் பறிக்க வேண்டும். இந்தியாவிலும் அதற்கான நேரம் வந்துவிட்டது.

இந்த அதிகாரம் முதன்முதலில் உலகத்தின் கவனத்துக்கு வந்தது 2009 ஜூலையில். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நாவல்களின் சில மின்பதிப்புகளை அமேசான் நிறுவனம் வாடிக்கையாளர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து அவர்களைக் கேட்காமலேயே அழித்தது. அமெரிக்காவில் அந்த நூல்களை வெளியிட உரிமை இல்லாத ஒரு நிறுவனம் அவற்றை அமேசான் கடையில் ஏற்றியிருந்தது. உண்மையான உரிமையாளர் புகார் செய்ததும் விற்பனை நிறுத்தப்பட்டது. அதுவரை தவறில்லை. ஏற்கெனவே விற்றவையும் தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டதுதான் அதிர்ச்சி. பணம் திருப்பித் தரப்பட்டது. ஆனால் பள்ளிப் பாடத்துக்காக நாவலைப் படித்து, வரிக்கு வரி குறிப்பு எழுதி வைத்திருந்த ஒரு மாணவரின் உழைப்பை எந்தப் பணமும் ஈடுசெய்யவில்லை. மூலம் மறைந்ததும் அவருடைய குறிப்புகள் எதைச் சுட்டுகின்றன என்பதே தெரியாமல் போயிற்று. அவர் வழக்குத் தொடுத்தார். அமேசான் தலைவர் ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். வழக்கு 1,50,000 டாலருக்குச் சமரசமாக முடிந்தது. அமெரிக்காவில் வாங்கிய நூல்களை இனி இப்படி அழிப்பதில்லை என்ற உறுதிமொழியும் அதில் இருந்தது. அந்த உறுதிமொழிக்கும் விலக்குகள் உண்டு: நீதிமன்றமோ அரசு அமைப்போ உத்தரவிட்டால் அழிக்கலாம். அதாவது, வாசகர்களின் வீடுகளுக்குள் நுழைந்து ஒரு நூலை அகற்றும் வழி கருவியிலேயே அமைந்திருந்தது. சமரசத்துக்குப் பிறகும் அது அடைபடவில்லை. தணிக்கை செய்ய விரும்பும் எந்த அரசுக்கும் இதைவிட வசதியான ஏற்பாடு கிடைக்காது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017-ல் தொடங்கிய மின்னூல் கடையை 2019-ல் மூடியது. கடை மூடியதோடு, அங்கே வாங்கப்பட்ட நூல்கள் அனைத்தும் அந்த ஆண்டு ஜூலையில் திறக்க முடியாமல் போயின. முழுப் பணமும் திருப்பித் தரப்பட்டது. குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். நிறுவனம் நேர்மையாகத்தான் நடந்துகொண்டது என்று சொல்லலாம். ஆனால் தெருமுனைப் புத்தகக் கடை மூடப்படும்போது அதன் உரிமையாளர் வாடிக்கையாளர் வீட்டு அலமாரியைக் காலி செய்வதில்லை. 2023 டிசம்பரில் சோனி நிறுவனம், பிளேஸ்டேஷன் கடையில் மக்கள் பணம் கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் ஆண்டு இறுதியோடு அவர்களது கணக்கிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தது. பெரும் கண்டனம் எழுந்த பிறகு, சில வாரங்களிலேயே புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகி அந்த முடிவு கைவிடப்பட்டது. வாடிக்கையாளரைக் காப்பாற்றியது அவரது உரிமை அல்ல, எழுந்த கூச்சல்.

இவற்றையெல்லாம் விடத் தெளிவான எடுத்துக்காட்டு, யுபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டு. 2014 டிசம்பரில் வெளிவந்த அது, தனியாக விளையாடும்போதும் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்தே இயங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வர் நிறுத்தப்பட்டது. அன்றோடு விளையாட்டும் முடிந்தது. கடையில் வட்டாக வாங்கி வைத்திருந்தவர்களுக்கும் இதே கதிதான்; வட்டு கையில் இருக்கிறது, அதில் எதுவும் இயங்காது. அடுத்த மாதம் பலரது கணக்கிலிருந்து உரிமமும் நீக்கப்பட்டது. ராஸ் ஸ்காட் என்ற அமெரிக்கர் அப்போது தொடங்கிய 'விளையாட்டுகளைக் கொல்லாதீர்கள்' என்ற இயக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் மக்கள் முன்முயற்சி மனுவாக வளர்ந்து, 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைப் பெற்றது. எதிர்ப்பு வலுத்தபோது, 2024 செப்டம்பரில், அதே வரிசையின் அடுத்த இரண்டு விளையாட்டுகளையும் இணையம் இன்றி ஆடும் வசதி தரப்படும் என்று யுபிசாஃப்ட் அறிவித்தது. சர்வர் இல்லாமல் இயங்கவைக்க முடியாது என்ற வாதம் அந்த அறிவிப்போடு வலுவிழந்தது. முடியும், கட்டாயப்படுத்த யாரும் இல்லாததால் முதல் விளையாட்டுக்குச் செய்யவில்லை.

அச்சு நூலுக்கு இந்தச் சிக்கல் ஏன் வரவில்லை என்பதற்குச் சட்ட வரலாற்றில் விடை இருக்கிறது. அமெரிக்கப் பதிப்பகமான பாப்ஸ்-மெரில், தன் நாவல் ஒன்றின் உள்ளே ஓர் அறிவிப்பை அச்சிட்டது: ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் அது பதிப்புரிமை மீறல். மேசீஸ் கடை அதை 89 சென்ட்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1908-ல் பதிப்பகம் தோற்றது. ஒரு படியை விற்றதோடு அந்தப் படியின் மீதான பதிப்பாளரின் கட்டுப்பாடு முடிந்துவிடுகிறது என்பது தீர்ப்பு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள படிகளைப் பதிப்பாளரின் விநியோக உரிமைக்கு வெளியே வைத்திருக்கிறது. திருவல்லிக்கேணி நடைபாதையில் பழைய புத்தகம் விற்கப்படுவதும், ஒருவர் தன் நூல்களை ஊர் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போவதும் இந்தக் கோட்பாட்டின் பலன்தான். இன்றைய உரிம விதிமுறைகள் அன்று பாப்ஸ்-மெரில் கேட்டதைவிட அதிகம் கேட்கின்றன. ஆனால் நீதிமன்றங்கள் இப்போது மறுபக்கம் நிற்கின்றன. வாங்கிய பாட்டுக் கோப்பை மறுவிற்பனை செய்ய உதவிய 'ரீடிஜி' நிறுவனம் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2018-ல் தோற்றது. கோப்பை அனுப்பும்போது புதிய நகல் உருவாகிறது என்பது காரணம். ஐரோப்பிய நீதிமன்றம் 2012-ல் பயன்படுத்திய மென்பொருளை மறுவிற்பனை செய்யலாம் என்றது. 2019-ல் மின்னூலுக்கு அது பொருந்தாது என்றது. மென்பொருளுக்கு ஒரு நீதி, நூலுக்கு ஒரு நீதி என்ற இந்த வேறுபாட்டை எந்த வாசகருக்கும் விளக்கிவிட முடியாது.

நிறுவனங்கள் முன்வைக்கும் முதன்மையான நியாயம் திருட்டு நகல். நகலெடுப்பதைத் தடுக்கும் டிஜிட்டல் பூட்டு இல்லாத கோப்பைக் கொடுத்தால் ஒருவர் வாங்கி ஆயிரம் பேருக்கு அனுப்பிவிடுவார் என்கிறார்கள். எழுத்தாளருக்கும் கலைஞருக்கும் உழைப்பின் பலன் கிடைக்க வேண்டும் என்பதால் இந்தக் கவலையை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இதற்கான சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. 2007 பிப்ரவரியில் ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், பாடல்களுக்கான டிஜிட்டல் பூட்டைக் கைவிடும்படி இசை நிறுவனங்களுக்குத் திறந்த மடல் எழுதினார். முதலில் இஎம்ஐ நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2009 தொடக்கத்தில் மற்ற பெரிய நிறுவனங்களும் வந்து சேர்ந்தன. பூட்டு இல்லாமல் விற்றதால் இசைத் துறை அழிந்துபோகவில்லை. கணினி விளையாட்டுகளை 2008 முதல் பூட்டு இன்றி விற்கும் 'ஜிஓஜி' என்ற கடை இன்றும் நடக்கிறது. அறிவியல் புனைகதைகளுக்குப் பெயர்பெற்ற டோர் பதிப்பகம் 2012 முதல் பூட்டில்லாத மின்னூல்களையே வெளியிடுகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூட்டு திருடரைத் தடுப்பதில்லை. பூட்டை உடைத்த நகல் எப்படியும் இணையத்தில் வந்துவிடுகிறது. கடை மூடும்போது இழப்பது பணம் கொடுத்தவர் மட்டும்தான்.

பண்பாட்டுக்கு ஏற்படும் இழப்பு இன்னும் பெரியது. சீவக சிந்தாமணியை 1887-லும் சிலப்பதிகாரத்தை 1892-லும் மணிமேகலையை 1898-லும் உ.வே.சாமிநாதையர் பதிப்பிக்க முடிந்ததற்குக் காரணம், அவற்றின் ஏட்டுச்சுவடிகள் மடங்களிலும் புலவர் வீடுகளிலும் சிதறிக் கிடந்ததுதான். ஒரு வீட்டில் செல்லரித்த ஏடு இன்னொரு வீட்டில் முழுமையாகக் கிடைத்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா தன் சொந்த முயற்சியில் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான் இன்று சென்னையில் அவர் பெயரிலுள்ள ஆய்வு நூலகத்துக்கு அடித்தளம். படிகள் பலருக்குச் சொந்தமாக இருந்ததால் எந்த ஒருவரின் அலட்சியமும் எல்லாவற்றையும் அழிக்க முடியவில்லை. 2016 டிசம்பர் முதல் கிண்டிலில் தமிழ் நூல்கள் வருகின்றன. அச்சேறாமல் அங்கே மட்டும் வெளியான நூல்கள் பல. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அத்தகைய நூல்களின் ஒரே இருப்பிடம் ஒரே நிறுவனத்தின் சர்வர் என்றால், ஐம்பது ஆண்டுகள் கழித்து அவற்றைத் தேடி வரும் ஆய்வாளருக்கு எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்றே தெரியாது.

சட்டம் மெல்ல விழித்துக்கொண்டிருக்கிறது. கலிஃபோர்னியா மாநிலம் 2024 செப்டம்பரில் இயற்றி, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய சட்டத்தின்படி, வாடிக்கையாளருக்குக் கிடைப்பது திரும்பப் பெறக்கூடிய உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் பொருளை 'விற்பதாக' விளம்பரம் செய்ய முடியாது. நிரந்தரமாக இறக்கி, இணையம் இன்றிப் பயன்படுத்தத் தரப்படும் பொருளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. ஸ்டீம் என்ற பெரிய விளையாட்டுக் கடை, சட்டம் அமலுக்கு வரும் முன்பே பணம் செலுத்தும் பக்கத்தில் இந்த அறிவிப்பைச் சேர்த்துவிட்டது. இது நல்ல தொடக்கம், ஆனால் போதாது. அறிவிப்பைப் படித்துவிட்டு வாடிக்கையாளர் வேறு எங்கே போவார்? பெரிய கடைகள் எல்லாம் இதே நிபந்தனையைத்தான் வைக்கின்றன. உண்மையைச் சொல்லிவிட்டுப் பறிப்பதும் பறிப்பதுதான்.

இந்தியாவில் புதிதாக அடித்தளம் போட வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மின்வணிகத்துக்குத் தரும் வரையறையிலேயே டிஜிட்டல் பொருள்களை வாங்குவதையும் விற்பதையும் சேர்த்திருக்கிறது. நுகர்வோருக்குக் கேடு விளைவிக்கும் ஒருதலைப்பட்சமான ஒப்பந்த விதிகள் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் மாநில, தேசிய நுகர்வோர் ஆணையங்களுக்கு அந்தச் சட்டத்தில் உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணையத்தளங்கள் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்தன. விற்பனை என்று சொல்லி உரிமத்தைத் தருவது அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. அதை 14-ஆவதாகச் சேர்ப்பது முதல் வேலை. அடுத்து, முழு விலைக்கு விற்ற பொருளைத் திரும்ப எடுக்கும் நிறுவனம், எடுப்பதற்கு முன்பே பூட்டில்லாத கோப்பையோ இணையம் இன்றி இயங்கும் பதிப்பையோ தர வேண்டும். அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். எதைச் செய்வது என்ற தேர்வு வாங்கியவரிடமே இருக்க வேண்டும். வாங்கியவர் இறந்தால் அவரது மின்னூல்கள் வாரிசுக்குப் போக வழி வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 65-ஏ பிரிவு, பூட்டை உடைத்து உரிமை மீறுவோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. சட்டம் தடைசெய்யாத நோக்கங்களுக்கு விலக்கும் தருகிறது. மூடப்பட்ட கடையில் வாங்கிய நூலைத் தொடர்ந்து படிக்க அதன் பூட்டைத் திறப்பதும், நூலகமோ ஆவணக் காப்பகமோ பாதுகாப்புக்காகத் திறப்பதும் குற்றமல்ல என்று அங்கே ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட வேண்டும்.

சட்டம் வரும்வரை தமிழ்ப் பதிப்பாளர்களும் எழுத்தாளர்களும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கிண்டிலில் நேரடியாக நூல் வெளியிடும்போது பூட்டுப் போடுவதா வேண்டாமா என்ற தேர்வு ஆசிரியரிடமே விடப்படுகிறது. மதுரைத் திட்டம் 1998 முதல் பழந்தமிழ் நூல்களை யாரும் இறக்கி வைத்துக்கொள்ளும் கோப்புகளாகத் தந்துவருகிறது. புதிய நூல்களை விற்பவர்களும் பூட்டில்லாத கோப்பாகத் தரட்டும். தங்கள் நூலின் ஒரு படியை நூலகங்களில் சேர்க்கட்டும்.