பனிக் கூடாரத்துக்கு எந்த ஹீட்டர்?

ஜனவரி பிறந்தால் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மில் லாக்ஸ் ஏரியின் மேல் ஓர் ஊரே முளைத்துவிடும். உறைந்து கிடக்கும் நீரின் மீது ஆயிரக்கணக்கில் துணிக் கூடாரங்கள், மரக் குடிசைகள், சக்கரம் வைத்த வீடுகள். உள்ளே ஐஸில் எட்டு அங்குலத் துளை போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டடித் தூண்டிலோடு 'வால்ஐ' மீனுக்காகக் காத்திருப்பார்கள். கனடாவில் டொரான்டோவுக்கு வடக்கே உள்ள சிம்கோ ஏரியிலும் இதே காட்சிதான். வெளியே மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் என்பது அங்கே அதிசயமில்லை. ஹீட்டர் இல்லாமல் அரை நாள் உட்கார முடியாது.

கடைக்குப் போகிறவர் முதலில் கேட்பது, "இது எவ்வளவு சூடு தரும்?" முதலில் கேட்க வேண்டியது வேறு: "இதன் புகை எங்கே போகும்?"

மின்சார ஹீட்டருக்குப் புகையே இல்லை. ஆனால் ஏரி நடுவே பிளக் ஏது? 100 ஆம்பியர்-மணி திறனுள்ள 12 வோல்ட் பாட்டரி, 1,500 வாட் ஹீட்டரை ஒரு மணி நேரம்கூட ஓட்டாது. எனவே எதையாவது எரித்தே ஆக வேண்டும். பெரும்பாலோர் எரிப்பது புரோபேன். நம் சமையல் காஸில் இருப்பது புரோபேனும் பியூட்டேனும் கலந்த கலவை. பியூட்டேன் பூஜ்ய டிகிரிக்குச் சற்றுக் கீழேயே ஆவியாக மறுத்துவிடும். புரோபேனோ மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். முகாம் அடுப்புகளுக்கு விற்கும் பியூட்டேன் டப்பாக்கள் பனி ஏரியில் உதவாததற்குக் காரணம் இதுதான்.

சூட்டின் கணக்கு எளிது. அங்கே ஹீட்டரை பி.டி.யு. கணக்கில் விற்கிறார்கள். நமக்கும் அது புதிதல்ல: ஒன்றரை டன் ஏ.சி. என்றால் மணிக்கு 18,000 பி.டி.யு. ஏ.சி. அந்தச் சூட்டை வெளியே தள்ளுகிறது, ஹீட்டர் உள்ளே கொட்டுகிறது. இரண்டு பேர் உட்காரும் கூடாரத்துக்கு 4,000 முதல் 9,000 பி.டி.யு. போதும். நாலைந்து பேர் என்றால் 18,000 தேவைப்படும். பஞ்சு அடைத்த இரட்டைத் துணிக் கூடாரமானால் இதைவிடக் குறைவாகவே ஆகும். ஹீட்டருக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தைக் கூடாரத்துக்குக் கொடுப்பது பல சமயம் லாபம்.

எரிபொருளையும் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு பவுண்டு புரோபேன் சிலிண்டர், ஹீட்டரை 9,000 பி.டி.யு.வில் வைத்தால் சுமார் இரண்டரை மணி நேரம் வரும். 4,000-ல் வைத்தால் ஐந்து மணி நேரத்துக்கு மேல். நாள் முழுதும் உட்காருகிறவர்கள் 20 பவுண்டு சிலிண்டரை வெளியே வைத்து ரப்பர் குழாய் வழியாக இணைத்துக்கொள்வார்கள்.

இனி முக்கியமான விஷயம். கையில் தூக்கிச் செல்லும் புரோபேன் ஹீட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குப் புகைபோக்கி கிடையாது. எரிந்து வருவது எல்லாம் கூடாரத்துக்குள்ளேயே தங்கும். அதில் ஒன்று வெறும் நீராவி. ஒரு கிலோ புரோபேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் உண்டாகிறது. அது கூரையில் முத்து முத்தாகக் கோத்துச் சட்டையை நனைக்கும். அது தொல்லை, ஆபத்தல்ல. ஆபத்து, காற்றுப் போதாமல் எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்ஸைடு. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். அதிகாலையில் எழுந்து வந்தவர் தூக்கக் கலக்கம் என்பார், பீர் குடித்தவர் பீரைக் குற்றம் சொல்வார். கூடாரத்தில் இருவருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் காரணம் தேட வேண்டாம். உடனே வெளியே வர வேண்டும்.

நல்ல ஹீட்டர்களில் ஆக்ஸிஜன் குறைந்தால் தானே அணையும் ஏற்பாடு உண்டு. சின்ன வழிகாட்டிச் சுடர் ஒன்று வெப்ப உணர்வியைத் தொட்டபடி எரியும். சாதாரணமாக 21 சதவீதம் இருக்கும் ஆக்ஸிஜன் 18 சதவீதத்தை நெருங்கும்போது சுடர் விலகும், உணர்வி குளிரும், காஸ் நின்றுவிடும். சாய்ந்தால் அணையும் ஸ்விட்சும் இருக்கும். இந்த இரண்டும் இல்லாத ஹீட்டரை, சிலிண்டரின் தலையிலேயே மாட்டும் மலிவான வகை உட்பட, துணிக் கூடாரத்துக்குள் எடுத்துப் போகக் கூடாது. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். அந்தச் சுடர் அளப்பது ஆக்ஸிஜனைத்தான், கார்பன் மோனாக்ஸைடை அல்ல. கடல் மட்டத்துக்கு 7,000 அடிக்கு மேல் காற்று மெலிவதால் ஹீட்டர் காரணமின்றி அணையக்கூடும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். லடாக்கின் லே நகரம் 11,000 அடிக்கும் மேலே இருக்கிறது.

ஆகவே மேலே ஒரு திறப்பு, கீழே ஒரு திறப்பு கட்டாயம். காற்று புகாமலிருக்கக் கூடாரத்தின் ஓரமெல்லாம் பனியை வாரிக் குவிப்பது ஏரியில் வழக்கம். கீழ்த் திறப்பு அடைபடுவது அப்படித்தான். பாட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்ஸைடு அலாரமும் தேவை. அதிலும் வீட்டு உபயோகத்துக்கான பல அலாரங்கள் 4 டிகிரி வரைக்கும்தான் உத்தரவாதம் பெற்றவை. கடுங்குளிருக்கென்று குறிப்பிட்டதைப் பார்த்து வாங்க வேண்டும்.

இரவு அங்கேயே தூங்குவதானால் புகைபோக்கி உள்ள ஹீட்டர் தவிர வேறு எதுவும் சரியில்லை. மரக் குடிசைகளில் விறகு அடுப்பு வைக்கிறார்கள். காஷ்மீர் வீடுகளின் புகாரியும் இதே தத்துவம்தான். அண்மை ஆண்டுகளில் பரவியிருப்பது சிறிய டீசல் ஹீட்டர். பெட்டியை வெளியே வைத்து, வெப்பக் காற்றை மட்டும் குழாய் வழியே உள்ளே அனுப்பலாம். கூடாரம் உலர்ந்திருக்கும். ஆனால் அதற்கு 12 வோல்ட் பாட்டரி வேண்டும், குளிரில் உறையாத டீசல் வேண்டும், புகைக் குழாயைப் பனி மூடாமல் பார்க்க வேண்டும்.

பகல் மீன்பிடிப்புக்கு, பாதுகாப்பு ஸ்விட்சுகள் உள்ள 9,000 பி.டி.யு. புரோபேன் ஹீட்டரும் அலாரமும். இரவுக்குப் புகைபோக்கி. தேர்வு இவ்வளவுதான்.

இது ஏதோ தூர தேசத்துப் பொழுதுபோக்கு என்று விட்டுவிட முடியாது. வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும், கரி அங்கீட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி வருகிறது. ஜன்னலில்லாத குளியலறையில் மாட்டிய காஸ் கீசரும் உயிர்களைக் குடித்திருக்கிறது. டில்லியிலோ பெங்களூரிலோ எரியும் சாதனம் எதை வாங்கினாலும், விலை பேசுமுன் கடைக்காரரிடம் கேளுங்கள்: இதன் புகை எங்கே போகும்?